இல்லாங்காட்டி சாரும் என் கட்டவெரலும்

அட நீ வேற எஸ்தரு! உம் மவன் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்துகினு தனியா பேசறான்னு பாஸ்டராண்ட இட்டுனு போயி ஜெபம் பண்ணப் போறியா? இன்னா கூத்துடி இது! தனியா பேசனா பேயி புடிச்சிகிச்சின்னு இல்லடி, வேல நடக்குதுன்னு அர்த்தம். எங்க ஆபீஸ்ல அல்லாரும் அப்டித்தான். இந்த கேளம்பாக்கம் ரோட்ல கம்ப்யூட்டர் தட்டற அத்தினி பேரயும் ஒரு தட்டுல ஏத்து, எங்க இல்லாங்காட்டி சார மட்டும் இன்னொரு தட்டுல ஒக்கார வையி. அவரு தட்டு தரையத் தொடும். அப்டி ஒரு கிறுக்கு மனுசன இந்த பூமி பாத்திருக்காது. அப்டி ஒரு நல்ல மனுசனயும் பாத்திருக்காது.

யாரு அதுன்னா கேக்கற? உனுக்கு நான் சொன்னதே இல்லயா? இரு, இந்த துணிய ஒதறிப் போட்டுகினே சொல்றேன்.

நான் படூர்ல அந்த கண்ணாடிக் கட்டடத்துல கூட்டித் தொடைக்கிற வேலைக்குப் போறது உனுக்குத் தெரியும். வயசுல கேளம்பாக்கம் உப்பளத்துல உப்பு வாரினேன். அப்பறம் சித்தாளு வேல. கடேசி காலத்துல தான் பச்சையம்மன் தாயி என்ன வெயில்ல இருந்து எடுத்து ஏசில வுட்டா. அங்க எனுக்குன்னு ஒரு சின்ன அலமாரி கீது, அதுக்கு ஒரு சாவி. எம் பேர்ல ஒரு சாவின்னு ஆயுசுல அதான் மொத தபா. தூங்கறப்பகூட இடுப்புல சொருவிகினு தூங்குவேன், எம் மருமவ சிரிப்பா. சிரிக்கட்டும், அவளுக்கின்னா, கல்யாணத்துலயே பீரோ வந்துட்ச்சி.

அந்த கட்டடத்துல ரெண்டாவது மாடி, ஜன்னலோரத்து சீட்டு. அங்க கீறவருதான் இல்லாங்காட்டி சாரு. நெசப் பேரு எனுக்குத் தெரியாது. கழுத்துல தொங்கற அட்டையில எழுதியிருந்திருக்கும், எனுக்குத்தான் எழுத்து வராதே. பெரிய சார்ல இருந்து வாட்ச்மேன் வரிக்கும் அவருக்கு அந்தப் பேருதான். சிங்கப்பெருமாள் கோயிலாண்ட வூடு. ஒட்டடக்குச்சி மாதிரி ஒசரம், சட்டை பட்டன ஒண்ணு மாத்திப் போட்டிருப்பாரு.

மொத நாளு டீ கேட்டாரு பாரு. அல்லாரும், "ஆயா, ஒரு டீ." அவ்ளோதான். இவரு நாற்காலிய முழுசா ஒரு சுத்து சுத்தித் திரும்பி, "ஆயா, பாலு திரியாம இருந்தா டீ, இல்லாங்காட்டி லெமன் டீ" அப்டின்றாரு.

"பாலு நல்லாத்தான் கீது சார்."

"அது உனுக்குத் தெரியும். எனுக்குத் தெரியாதுல்ல? நீ அங்க போறப்ப திரிஞ்சிருந்தா இன்னா பண்ணுவ?"

"திரும்பி வந்து சொல்லுவேன்."

"வெறுங்கையோடயா?"

கொலக்குத்தம் பண்ணவள பாக்கற மாதிரி பாத்தாருடி! "கேள்வின்னு ஒண்ணு கேட்டா, ஆமான்னாலும் கைல ஒண்ணு வரணும் ஆயா, இல்லன்னாலும் கைல ஒண்ணு வரணும். நடுவுல வெறுங்கைன்னு ஒண்ணு இருக்கவே கூடாது."

சரி, படிச்ச புள்ள, தலைல சூடு ஏறிட்ச்சின்னு நெனச்சிகினு டீய வச்சிட்டு வந்துட்டேன்.

கேன்டீன் மாஸ்டரு இருக்கானே, அவன் கொஞ்சம் கோவக்காரன். இவரு தெனமும் போயி, "பொங்கல் இருந்தா பொங்கல், இல்லாங்காட்டி பூரி"ன்னு நிப்பாரு. ஒரு நாளு மாஸ்டரு பேஜாராயி, ஒரே தட்டுல ரெண்டயும் வச்சி ணங்குன்னு போட்டான். "தோ, பொங்கலும் கீது, பூரியும் கீது. துன்னு சார்!"

நம்மாளு மூஞ்சி செவந்துட்ச்சி. "பொங்கல் இருக்குன்னு ஆயிட்ச்சில்ல மாஸ்டர்? அத்தோட நின்னுடணும். பூரி பக்கம் எட்டியே பாக்கக்கூடாது."

"பசிக்கல உனுக்கு?"

"பசிக்குது."

"அப்ப துன்னு!"

"மாட்டேன். மொத கதவு தொறந்துட்ச்சி மாஸ்டர். ரெண்டாவது கதவ தட்டறது தப்பு."

மாஸ்டரு கரண்டிய தூக்கிகினு வெளிய வந்துட்டான். நான்தான் நடுவுல பூந்து வெலக்கி வுட்டேன். அந்த பூரிய நான் துன்னேன். ஷோக்கா இருந்துச்சு.

இன்னாடா இந்த மனுசன் எத்த எடுத்தாலும் ரெண்டு ரெண்டா பேசறாருன்னு ஒரு நாளு கேட்டுத் தொலைச்சேன். மாட்னேன்டி! கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பிட்டாரு. அதுல கம்ப்யூட்டருக்குன்னே ஒரு பாஷ, ஸ்கிரிப்ட்டுன்னுவாங்க. எனுக்கு அல்லாம் எறும்பு ஊர்ற மாதிரிதான். ஆனா நடுவுல ஒரு கொக்கி தெரிஞ்சிது. கொஞ்சம் தள்ளி மேல ஒண்ணு கீழ ஒண்ணா ரெண்டு புள்ளி.

"தோ பாரு ஆயா. இந்த கொக்கி கேள்விக்குறி, அதுக்கு முன்னாடி இருக்கறது கேள்வி. கொக்கிக்கும் புள்ளிக்கும் நடுவுல இருக்கறது, ஆமான்னா கைல குடுக்கறது. புள்ளிக்கு அந்தாண்ட இருக்கறது, இல்லாங்காட்டி குடுக்கறது. ஒரே வரி. முடிஞ்சிது கத."

கொக்கி இருக்கட்டும், புள்ளி எனுக்குத் தெரியும். மார்கழி பூரா வாசல்ல வைக்கிறவதான நானு. அதனால நல்லாத் தலைய ஆட்டி வச்சேன். அவருக்கு சந்தோசம் தாங்கல.

பக்கத்து சீட்ல ஒரு தாடிக்காரப் புள்ள. அது இதே விசயத்த ஒரே வரில எழுதாது, ஏணி மாதிரி கீழ கீழ எறக்கி எழுதும். அதுல ரெண்டு பேருக்கும் குழாயடி சண்ட.

"ஏண்டா, மழ வந்தா குடைய எடுத்து பைல வை, இல்லாங்காட்டி தொப்பிய எடுத்து பைல வைன்னு ரெண்டு தபா பைய தூக்கறியே, கை வலிக்கல? பைல வைன்னு ஒரு தபா சொல்லு. இன்னாத்த வைக்கறதுன்னு அதுக்குள்ளயே கேட்டுக்கோ. மழயா, குடை. இல்லாங்காட்டி தொப்பி. எது வந்தாலும் நேரா பைல வுழும். பை ஒண்ணு, வேல ஒண்ணு!"

தாடிக்காரன் வுடுவானா? "ஏணி போட்டா அல்லாருக்கும் புரியும் மச்சான். நீ அன்னிக்கு கொக்கிக்குள்ள கொக்கி, அதுக்குள்ள இன்னொரு கொக்கின்னு மாட்டி வச்சியே, மறுநாளு உனுக்கே புரிஞ்சிதா?"

நம்மாளு நாற்காலிய அந்தாண்ட திருப்பிகினாரு. நெசந்தான்டி அது. அந்த ஒத்த வரிய மொறச்சிகினே, மீன் முள்ளு தொண்டைல மாட்னவரு மாதிரி மத்தியானம் சோறு கூட துன்னாம ஒக்காந்திருந்தாரு, நான் பாத்தேன்.

அப்பறம் மாமல்லபுரம் போனோமே, அது தனிக் கத. ஆபீஸ்ல அல்லாரயும் பஸ்ல இட்டுனு போனாங்க, தொடைக்கிறவங்களயும் சேத்துத்தான். கடலாண்ட நின்னுகினு இவரு சொல்றாரு: "அலை முட்டிக்குக் கீழ வந்தா எறங்கறேன், இல்லாங்காட்டி சுண்டல்."

சின்ன அலை வந்துச்சு. எறங்கனாரு. பின்னாடியே பெரிய அலை. பேன்ட்ட தூக்கிப் புடிச்சிகினு ஓடி வந்து சுண்டல்காரராண்ட, "அண்ணாத்த, ஒரு சுண்டல்" அப்டின்னாரு. அவரு பொட்லம் மடிக்கறதுக்குள்ள சின்ன அலை. தோ, திரும்பி ஓட்டம்! மறுபடி பெரிய அலை, மறுபடி சுண்டலாண்ட. ஏன் சார் இப்டி ஓடறன்னா, "ஒவ்வொரு அலைக்கும் கேள்விய புதுசா கேக்கணும் ஆயா"ன்றாரு. மூச்சு வாங்குது, வுடல. கடேசில அந்த சுண்டல்காரரு டின்ன தலமேல தூக்கிகினு தண்ணிக்குள்ளயே எறங்கி வந்து நின்னுட்டாரு. "சார், இப்ப எந்த அலை வந்தாலும் நீ துன்னு சார், என்ன வுட்டுடு!"

சிரிக்காத, சிரிக்காத, இன்னும் கீது. நீ தனியா பேசறான் தனியா பேசறான்னு சொன்னியே, அதுக்கு வரேன்.

அவரு மேசமேல மஞ்ச கலர்ல ஒரு ரப்பர் வாத்து இருந்துச்சு. கொழந்தைங்க குளிக்கறப்ப மெதக்க வுடுமே, அதேதான். இவங்க எழுதறதுல எங்கனா தப்பு வந்தா, அந்த வாத்த எதுருல வச்சிகினு வரி வரியா அதுக்கு எடுத்துச் சொல்லணும். சொல்லச் சொல்ல தப்பு தானா பல்ல காட்டும். கம்ப்யூட்டர்காரங்களுக்கு இது ஒரு மொறையாம்டி. உம் மவனுக்கும் ஒரு வாத்து வாங்கிக் குடு.

ஒரு தபா வூட்டு ஆளுங்கள அல்லாம் ஆபீசுக்குக் கூப்ட்டு கொண்டாடனாங்க. அன்னிக்கு பெரிய சாரோட பொண்ணு அந்த வாத்த எடுத்து கட்டிப் புடிச்சிகிச்சி. வுடவே மாட்டேன்னு அழுவுது. பெரிய சாரு பொண்ணு, யாரு போயி புடுங்கறது? வாத்து பூட்ச்சி.

மறுநாளு நான் தரைய தொடச்சிகினு கீறேன். எதுருல வந்து நிக்கறாரு. "ஆயா, ஒரு ஒதவி. நான் சொல்லிகினே போறேன், நீ ம் கொட்டிகினே வா."

"எனுக்கு இன்னா சார் புரியும்?"

"வாத்துக்கு மட்டும் இன்னா புரிஞ்சிது?"

நாயந்தான! மாப்பு கட்டைய ஊனிகினு நின்னேன். அவரு சொல்றாரு, நான் ம்முன்றேன். அவரு கொக்கிய சொல்றாரு, என் மனசு வூட்ல சட்டில போட்டு வச்ச வாளமீன் மேல கீது. புளி கரைச்சனா இல்லயான்னு யோசிச்சிகினே ம்முன்னேன். அப்ப பாத்து துள்ளிக் குதிச்சாரு. "ஆங்! மாட்டிகிச்சி! ஆயா, நீ தெய்வம்!"

நான் இன்னாடி பண்ணேன்? புளிய நெனச்சேன்.

அன்னில இருந்து அந்த மாடில எனுக்கு இருந்த மவுசே தனி. "ஆயா, எனுக்கும் கொஞ்சம் ம் கொட்டேன்"னு ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. தாடிக்காரனும் வருவான். சில நாளு ம் கொட்டியே தொண்ட கட்டிக்கும். எம் மருமவ, "அத்த, ஆபீஸ்ல யாராண்ட சண்ட போட்டீங்க?"ம்பா.

இப்டி சொகமா போயிகினு இருந்துச்சா. கேட்டாண்ட ஒரு மெஷின கொண்டாந்து மாட்னாங்க. கட்டவெரல வச்சா பச்ச லைட்டு எரிஞ்சி டிங்குன்னும், நீ வந்துட்டன்னு கணக்கு. எங்க ஆபீஸ்லயே செஞ்சது, ஊரு ஒலகத்துக்கு விக்கப் போறாங்களாம். அல்லாருக்கும் டிங். எனுக்கு மட்டும் செவப்பு லைட்டு எரிஞ்சி, செத்த தவக்கள மாதிரி ஒரு சத்தம்.

இந்தா, என் கட்டவெரல பாரு. பாதி உப்பளத்துல தேஞ்சிது, மீதி கக்கூஸ் கழுவற ஆசிட்ல தேஞ்சிது. ரேகையே இல்ல. கூழாங்கல்லு மாதிரி கீது பாரு. மொதல்ல பதிஞ்சப்ப எப்டியோ அழுத்திப் புடிச்சி எடுத்துகினாங்க. அப்பறம் வச்ச வெரலு அந்த பதிவோட சேரவே இல்ல.

எங்கள வேலைக்கி வச்ச காண்ட்ராக்ட்டு ஆளு, அந்த சூப்பர்வைசரு, என்ன நிக்க வச்சி கேக்கறான். "இன்னா ஆயா, நீ வேலைக்கே வரலன்னு வருது?"

"நைனா, நீ இப்ப யாராண்ட பேசிகினு கீற?"

"அது எனுக்குத் தெரியுது ஆயா. மெஷின்ல இல்லன்னா இல்லதான். மேல என்ன கேக்கறாங்க."

"அப்ப இந்த மாடி பூரா யாரு தொடச்சது, முனீஸ்வரனா?"

"இந்த வாரமும் இப்டியே செவப்பு வுழுந்தா வேற ஆள போட சொல்லிட்டாங்க ஆயா. நாவலூர்ல ஒரு பொண்ணு ரெடியா கீது. நீ அலமாரி சாவிய குடுத்துடற மாதிரி இருக்கும்."

எஸ்தரு, வேல போவுதேன்னு பயந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா அத்தவிட, ஒரு நாளு மட்டம் போடாதவள வராதவன்னு ஆக்கிட்டாங்களேன்னுதான் நெஞ்சு எரிஞ்சிது. நான் நிக்கறேன், என் கைல தொடப்பம் கீது, ஆனா நான் இல்லியாம்! தேங்காண்ண தடவுனேன். வெந்நீர்ல ஊற வச்சேன். பச்சையம்மனுக்கு காசு முடிஞ்சி வச்சேன். தவக்கள சத்தந்தான்.

நான் யாராண்டயும் சொல்லல. அன்னிக்கு இல்லாங்காட்டி சாரு எப்பவும் போல வந்து நின்னு, ஏதோ வரிய சொல்ல ஆரம்பிச்சாரு. எனுக்கு ம் வரல. வாயத் தொறந்தா அழுக வந்துடும் போல கீது.

"இன்னா ஆயா, ம் காணோம்?"

சொல்லிட்டேன். மூக்க சிந்திகினே அல்லாத்தயும் சொல்லிட்டேன். அவரு நாற்காலில ஒக்காந்து, கம்ப்யூட்டர்ல எதயோ தேடி எடுத்தாரு.

"அந்த மெஷினு வரி இதான். நான்தான் எழுதனேன். நீ முடிஞ்சா ம் கொட்டு ஆயா. வெரல் சேந்தா, வந்தாச்சு. இல்லாங்காட்டி, வரல."

"ம்."

"ஒரே வரி. ரெண்டு பக்கமும் கைல ஒண்ணு குடுக்குது. தப்பே இல்ல."

"ம்."

"வெரல் சேரலன்னா வரல. எந்த வெரலு? மெஷின் மேல வச்ச வெரலு. வச்சது யாரு? வந்தவங்க."

"ம்."

"வராதவன் எப்டி ஆயா இங்க வந்து வெரல வைப்பான்?"

நான் அதுக்கும் ம்முன்னுட்டேன், பழக்கதோசம். ஆனா அவரு இந்த தபா துள்ளல. ஆங்குன்னு சொல்லல. மூஞ்சி அப்டியே சின்னதா பூட்ச்சி. "வூட்ல தூங்கறவன் இந்த கேள்வியாண்டயே வரமாட்டான். இத்த கேக்கறதே வந்து நிக்கறவங்கள பாத்துத்தான். அவங்க கைலயே வரலன்னு குடுத்து அனுப்புது என் வரி. நான் கேக்க வேண்டியது வந்தாங்களான்னு இல்ல ஆயா, யாரு வந்தாங்கன்னு."

எழுந்தாரு. நேரா பெரிய சாரோட கண்ணாடி ரூமுக்குப் போனாரு. நான் அந்த ரூமு கண்ணாடிய தொடைக்க ஆரம்பிச்சேன். அந்த கண்ணாடி அன்னிக்கு பளபளத்த மாதிரி என்னிக்கும் பளபளத்தது இல்ல. உள்ள பெரிய சாரு கைய கைய ஆட்றாரு. ஒருத்தர் வெரலுக்காக இப்ப அத்த தொறக்க முடியாது, வெளிநாட்டுக்காரங்களுக்கு காட்டப் போறோம், அப்பறமா பாக்கலாம்னு சொல்றது என் காதுல வுழுந்துச்சு. அவ்ளோதான். நம்மாளு வெளிய வந்தாரு. நான் இடுப்புல சொருவியிருந்த சாவிய தொட்டுப் பாத்துகினேன்.

மறுநாளு காலைல கேட்டாண்ட ஒரு கூத்து. இவரு ரெண்டு கட்டவெரல்லயும் ரேகை தெரியாம கோந்து தடவி, காய வச்சிகினு வந்து கீறாரு! வெரல வச்சாரு, செவப்பு. இந்த வெரலு, செவப்பு. அந்த தவக்கள சத்தத்துக்கு சிரிச்ச ஒரே ஆளு அவருதான். மேல போயி, சீட்ல ஒக்காந்து, கைய கட்டிகினாரு.

கொஞ்ச நேரத்துல பெரிய சாரு ஓடியாறாரு. "எங்கப்பா கீற, வெளிநாட்டுக்காரங்க லைன்ல வந்துட்டாங்க, எழுந்து வா!"

"நான் இன்னிக்கு வரல சார்."

"இன்னாது?"

"மெஷின கேளுங்க. வரலன்னு சொல்லும்."

"டேய், என் கண்ணெதுருல ஒக்காந்துகினு கீற!"

"ஒக்காந்துகினுதான் கீறேன் சார். ஆனா வரல."

"பேசற!"

"வராதவன் பேசறத நீங்க எதுக்கு சார் கேக்கறீங்க?"

மாடியே நிமுந்து பாக்குது. நான் தூணு பின்னாடி தொடப்பத்த கட்டிப் புடிச்சிகினு நிக்கறேன். அப்ப பாரு, அந்த தாடிக்காரன், ஜென்மத்து எதிரி, எழுந்து நின்னு கட்டவெரல காட்றான். கோந்து! "நானும் வரல சார்." பின்னாடி கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு, "சார், நானும்." அந்தாண்ட ஒருத்தன், இந்தாண்ட ஒருத்தன். ம் கொட்டச் சொல்லி என்னாண்ட வரிசைல நின்ன அத்தினி பேருமே அன்னிக்கு வரலடி! அல்லாரும் சீட்லதான் கீறாங்க, ஒருத்தரும் வரல.

சரியா அந்த நேரம் சூப்பர்வைசரு மூச்சு வாங்க மாடியேறி வரான். "சார், சார், மெஷினு இன்னா ஆச்சோ தெரியல, ரெண்டாவது மாடில இன்னிக்கு ஆளே இல்லன்னு வருது!"

பெரிய சாரு அவன பாத்தாரு. நெறஞ்சி கெடக்கற மாடிய பாத்தாரு. தூணாண்ட என்ன பாத்தாரு. ஒதடு துடிக்குது. திட்டப் போறாருன்னு நெனச்சேன். சிரிப்ப அடக்கறாருடி மனுசன்!

"இன்னா வேணும் உனுக்கு?"

"மாத்தச் சொன்னா வந்துட்டேன் சார். இல்லாங்காட்டி, வூட்ல கீறேன்."

"மாத்தித் தொலைடா!"

"வந்துட்டேன் சார்."

அன்னிக்கே ஒக்காந்து மாத்தனாரு. நான்தான் ம் கொட்டனேன். "வெரல் சேந்தா, வந்தாச்சு. இல்லாங்காட்டி, மெஷின்ல கீற கேமராவால மூஞ்சிய பாத்து, அவங்க போட்டோவ காட்டி, நீதானான்னு கேளு. தலைய ஆட்னா, வந்தாச்சு. அதுவும் இல்லாங்காட்டி, செக்யூரிட்டிய கூப்டு." வரலன்ற வார்த்தையே எங்கயும் இல்ல. தாடிக்காரன் எட்டிப் பாத்துட்டு நெஞ்சுல கைய வச்சிகினான். "மச்சான், நீயா ஏணி போட்டு எழுதியிருக்க?"

"கொக்கிக்குள்ள கொக்கி வேணாம்டா. இது ஆயா விசயம். நாளைக்கு வேற எவன் படிச்சாலும் பட்டுன்னு புரியணும். ஆனா பாத்துக்கோ, ஏணி பூரா கடேசில ஒரே பைலதான் எறங்குது!"

எனுக்கு எழுத்து வராதுல்ல? அதுக்காக, என் மூஞ்சி வந்தா படிக்கச் சொல்லாம பேசற மாதிரி பண்ணாரு. அதுவும் அவரு கொரல்லயே. மறுநாளு கேட்டாண்ட பாதி ஆபீஸு கூடி நிக்குது. வெரல வச்சேன். சேரல. எண்ண வைக்காத தலையோட என் போட்டோ ஒண்ணு வந்துச்சு, சொல்லியிருந்தா சீவிகினு வந்திருப்பேன். அப்பறம் மெஷின் உள்ளார இருந்து அவரு கொரலு, "ஆயா, வந்துட்டியா?"

வந்துட்டேன் சார்னு பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்னேன். டிங்! வாட்ச்மேன் விசிலே அடிச்சிட்டான். சூப்பர்வைசரு என்னாண்ட வந்து, "சாவி உன்னாண்டயே இருக்கட்டும் ஆயா"ன்னு சொல்லிட்டுப் போனான். பாவம், அவனும் நல்ல புள்ளதான்.

அவரு நல்லா இருக்கணும்டி. இப்ப இங்க இல்ல, பெங்களூர்ல பெரிய வேலையாம். போறப்ப, "லீவு கெடச்சா வரேன் ஆயா, இல்லாங்காட்டி போன் பண்றேன்"னாரு. பண்றாரு. சௌக்கியமான்னு கேட்டுட்டு ஒடனே, "கொஞ்சம் ம் கொட்டு"ம்பாரு. அங்கல்லாம் வாத்து கெடைக்காதா இன்னா? கெடைக்கும். நான் கேக்கறதில்ல.

போன மாசம் எனுக்கு காய்ச்சல் வந்து படுத்துகினேன்ல, நீகூட கஞ்சி கொண்டாந்து குடுத்தியே. தண்ணி தொடாம, ஆசிட்டு தொடாம கெடந்தனா, கைல தோலு புதுசா வளந்துட்ச்சி போல. வேலைக்குப் போயி வெரல வச்சேன். பட்டுன்னு டிங்! பச்ச லைட்டு. வாட்ச்மேன், "ஆயா, வெரல் சேந்துட்ச்சி!"ன்னு குதிக்கறான். அல்லாருக்கும் சந்தோசம். நான் மட்டும் அங்கயே நின்னுகினு கீறேன். மெஷினு ஒண்ணுமே பேசல. பேசாது, அதான் மொத கதவே தொறந்துட்ச்சே. அன்னிக்குப் பூரா எனுக்கு வேலயே ஓடல எஸ்தரு.

இன்னாத்த சொல்ல. இப்பல்லாம் காலைல கெளம்பறப்ப தேங்கா நாரு வச்சி இந்த கட்டவெரல மட்டும் நல்லா அழுத்தித் தேச்சிட்டுத்தான் கெளம்பறேன். வெரல் சேந்துட்டா, அப்பறம் வந்துட்டியான்னு என்ன யாருடி கேக்கறது…

ஐயையோ, மேல சத்தம் கேக்குதா? மோட்டார போட்டு வுட்டுட்டு வந்து ஒக்காந்துகினு கீறேன்டி, டேங்கு ரொம்பி வழியுது! நவுரு, நவுரு, வழிய வுடு!